கல்லிடுக்கில் கன்னியம்மாள்

1939 பிப்ரவரி 7, செவ்வாய்

அம்மா இன்று முப்பத்திரண்டு குடம் தண்ணீர் இறைத்தாள். எண்ணிக்கொண்டே பல் தேய்த்தேன். ஆறு குடம் வீட்டுக்கு. மீதியெல்லாம் கனகாம்பரத்துக்கும் மல்லிகைக்கும். கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கயிறு முழுவதும் உள்ளே போனாலும் குடம் பாதிதான் நிரம்புகிறது. கடைசியில் வலது தோளைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பூ இல்லாத ஊடு இன்னா ஊடுடா ஒலகு?"

அப்பா போய் ஒன்பது வருஷம். அந்தப் பூவில் ஒன்றைக்கூட இவள் தலையில் வைக்க ஊர் விடாது. ஊரார் வீட்டுப் பெண்களுக்குக் கிள்ளிக் கொடுப்பதற்காகத் தோளை முறித்துக்கொள்கிறாள். நான் இறைக்கிறேன் என்றேன். ஆண்பிள்ளை குடம் தூக்கினால் சிரிப்பார்கள் என்றாள். சிரிக்கட்டும் என்று வீரமாகச் சொல்லிவிட்டு, மணியாகிவிட்டதென்று பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய ஆங்கிலத் தோட்டப் பத்திரிகையில் ஒரு படம். கல் பலகைகளைப் படுக்கப் போடாமல், அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல் விளிம்பில் நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு விரல் இடைவெளி. அந்த இடுக்குகளில் ஜல்லியும் மணலும், அதில் செடி. வேர் கல்லோடு ஒட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கிவிடும். கல்லின் அடியில் குளிர்ச்சி தங்கும். மேலே வெயில் கொளுத்தினாலும் செடிக்குக் கவலையில்லை.

இங்கிலாந்தில் மழை அதிகம் என்பதற்காக இப்படிச் செய்கிறார்களாம். வேலப்பன்சாவடியில் மழையே இல்லை என்பதற்காக நான் செய்யப்போகிறேன். ஒரு பெண்ணும் ஒரு குடமும் இறைக்காமல் வளரும் தோட்டம்.

கற்றாழை, மருள், பிரண்டை, ரணகள்ளி, கல்லிமுளையான். எல்லாம் ஏரிக்கரையில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. கல்தான் வேண்டும். துலுக்கானத்திடம் சொன்னேன். ரோடு வேலையில் ஜல்லி உடைக்கிறான். மாலையில் என்னிடம் எழுத்துப் படிக்க வரும் ஏழு பேரில் புத்தியுள்ளவன் அவன்தான்.

"பொம்மைக் கொலுவா வாத்தியாரே?"

"இல்லை. தோட்டம்."

"கல்லுலயா? வெள்ளைக்காரன் புக்குல இன்னா வேணா எழுதுவான்." சிரித்தான். ஆனால் பலகைக்கல் பத்து கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.

பிப்ரவரி 16, வியாழன்

பத்துக் கல் வந்தது. எல்லாம் சிறியவை. நடுவில் நிற்கக் குறைந்தது மூன்று பெரிய கல் வேண்டும். மற்றவை அதன்மேல் சாய்ந்து நிற்க வேண்டும்.

பூந்தமல்லி ரோட்டில் நம் சந்து முனைக்கு அப்பால் இருக்கும் சுமைதாங்கியைப் பார்த்துக்கொண்டே சைக்கிளில் வந்தேன். இரண்டு நட்ட கல், மேலே குறுக்கே ஒரு நீளக் கல், ஆள் தலை உயரம். குறுக்குக் கல்லில் மஞ்சளும் குங்குமமும் அப்பி, எண்ணெய் வடிந்து கறுத்திருக்கிறது. எழுத்தும் உண்டு: கன்னியம்மாள், விரோதி வருஷம். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவள். பெறாமல் போனவளின் பாரம் இறங்க வேண்டுமென்றால் வழிப்போக்கர்கள் தங்கள் பாரத்தை அந்தக் கல்லில் இறக்க வேண்டுமாம். செத்தபின் ஐம்பது வருஷமாக எண்ணெய் ஊற்றுகிறார்கள். உயிரோடு துடித்தபோது ஒரு மருத்துவச்சிக்கு வண்டி கட்ட எவனுக்கும் தோன்றவில்லை.

ரோட்டை அகலப்படுத்தும் கண்ட்ராக்டர் பரந்தாமன் அதை மட்டும் விட்டுச் சுற்றிப் போகிறார். ஆட்கள் கைவைக்க மாட்டேன் என்கிறார்களாம்.

"எனக்குக் கொடுத்துவிடுங்கள். என் பொறுப்பு" என்றேன்.

"எடுத்துக்க வாத்தியாரே. எனக்கும் பீடை தொலஞ்சுது. பேய் புடிச்சா மட்டும் என்கிட்ட வராத."

பிப்ரவரி 19, ஞாயிறு

பெயர்த்துவிட்டோம். துலுக்கானத்தைச் சம்மதிக்க வைக்க ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது.

"வேணாம் வாத்தியாரே. வேம்புலி முழுகாம கீறா. அஞ்சு மாசம். மின்ன ரெண்டு பூட்ச்சி. இதுனா தங்கட்டும்னு கீறோம்."

வேம்புலியம்மாள் அவன் மனைவி. செம்பரம்பாக்கம் பக்கத்துக் காட்டில் விறகு பொறுக்கி, கட்டித் தலையில் வைத்து, மதுரவாயல்வரை நடந்து விற்கிறவள். கல்லுக்கும் கருவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். முன்பு இரண்டு போனதே, அப்போது இந்தக் கல் நின்றுகொண்டுதானே இருந்தது, காப்பாற்றியதா? பிறகு கடப்பாரையை எடுத்தான். அவனே முதல் குத்து குத்தினான். பெருமையாக இருந்தது. ஒரு மனிதன் என் கண்ணெதிரே பயத்திலிருந்து வெளியே வந்தான்.

குறுக்குக் கல்லை இறக்கும்போது ஆறு பேர் தேவைப்பட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது மூன்று பேர் போதுமாக இருந்தது. கைப் பழக்கம்தான்.

அம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "அது பொம்பள கல்லுடா" என்றது மட்டும் கேட்டது.

பிப்ரவரி 20, திங்கள்

முதுகு வலி. அம்மா பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது.

பிப்ரவரி 26, ஞாயிறு

தோட்டம் முடிந்தது. பின்கட்டில் கனகாம்பரப் பாத்தி இருந்த இடத்தில் இரண்டடி தோண்டி, அடியில் உடைந்த செங்கல், அதன்மேல் கற்கள். ஒவ்வொன்றும் முக்கால் பங்கு மண்ணுக்குள், கால் பங்கு வெளியே. மழை பெய்தால் நீர் வேருக்கு ஓட வேண்டும் என்பதால் எல்லாம் ஒரே பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கின்றன. நடுவில் கன்னியம்மாள் கல், விளிம்பில். மஞ்சளைச் சுரண்டிக் கழுவிவிட்டேன். எழுத்து உள்பக்கம் போகும்படி வைத்தேன். அம்மா பார்க்க வேண்டாம்.

செடியின் வேரில் ஒட்டிய மண்ணை முழுவதும் அலசிவிட்டு, இடுக்கில் பிச்சுவாக் கத்தியால் இறக்கி, மணலும் பொடிக்கல்லும் கொட்டிக் குச்சியால் குத்தினேன். எரு கூடாது. சொகுசு கொடுத்தால் வேர் ஆழத்துக்குப் போகாதாம். ஏழைக்கு இந்த உபதேசத்தைப் பணக்காரர்கள் எப்போதோ தொடங்கிவிட்டார்கள்.

நடும்போது ஒரு தடவை நீர். இனி இல்லை.

மார்ச் 3, வெள்ளி

உச்சி வேளையில் சாப்பிட வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். சுமைதாங்கி இருந்த இடத்தில் விறகுக்காரிகள் நான்கு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். தலையில் கட்டு. முழங்கால் லேசாக மடங்கி, கழுத்து முன்னால் நீண்டு, கண் மூடி. எதன்மேலோ கட்டை வைத்துக்கொண்டு இளைப்பாறுகிறவர்கள் மாதிரி. எதிரே வெறும் புழுதி.

ஒருத்தியும் பேசவில்லை. விறகுக்காரிகள் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

சைக்கிளை நிறுத்தி, ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். பூங்காவனம் கண்ணைத் திறந்தாள். அந்தக் கூட்டத்தில் வாய்க்காரி அவள்தான்.

"கால் நிக்கிது வாத்தியாரே. நாங்களா நிக்கிறோம்?"

"கல்தான் இல்லையே."

"அது எங்களுக்குத் தெரியும். காலுக்கு யார் சொல்றது? நீதான் படிச்சவன், நீ சொல்லு." மற்றவர்கள் சிரித்தார்கள். நடந்துவிட்டார்கள்.

நான்கு பேர் நின்ற புழுதியில் ஐந்து ஜோடிக் காலடி இருந்தது. ஐந்தாவது யாரோ முன்னால் நின்றுபோனதாக இருக்கும். அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 9, வியாழன்

தோட்டத்தில் எல்லாச் செடியும் பிழைத்துவிட்டது. பதினொரு நாளாக ஒரு சொட்டு நீர் இல்லை. அம்மாகூட இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள்.

ஒன்றுதான் புரியவில்லை. மற்ற இடுக்குகளில் விரலை விட்டால் உலர்ந்த பொடிக்கல். நடுக்கல்லின் எழுத்துப் பக்கத்து இடுக்கில் மட்டும் ஈரம். விரல் நுனியில் நீர் நிற்கிற அளவுக்கு. அங்கே வைத்த கல்லிமுளையான் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வளர்ந்திருக்கிறது.

அம்மா ஊற்றினாளா? இல்லை என்கிறாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

மார்ச் 10, வெள்ளி

அந்த ஈரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

கல்லில் உப்பு பூக்கும். ஐம்பது வருஷ எண்ணெய், மஞ்சள், எத்தனையோ பேர் வியர்வை. வெயிலில் கசிகிறது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

கையைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

மார்ச் 15, புதன்

உச்சி வேளையில் கற்களிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. பாரத்தை இறக்கியவள் விடும் மூச்சு மாதிரி. ஹா என்று, ஒரே ஒரு தரம். இடுக்குக் காற்று வெயிலில் விரிந்து வெளியேறுகிறது. பிள்ளைகளுக்கே பாடமாகச் சொல்லலாம்.

ஆனால் நடுக்கல்லின்மேல் கருவேலம்பட்டை சிதறிக் கிடந்தது. கையளவு. விறகுக் கட்டை வைத்து எடுத்தால் உதிருமே, அது. பக்கத்து மணல் அழுந்தியிருந்தது. பின்கட்டு வாசல் படலைக் காலையில் நான்தான் கட்டினேன். முடிச்சு நான் போட்டபடியே இருக்கிறது.

"யாராவது வந்தார்களா அம்மா?"

"வரல." பிறகு, என்னைப் பார்க்காமல், "வர்றவளுக்குப் படலு இன்னாத்துக்கு?" என்றாள்.

கோபம் வந்தது. கத்திவிட்டேன். பெண்களைப் பேய் என்று பயந்தே சாகடிக்கிற ஜனங்கள் நாம் என்று. உயிரோடு இருக்கிற வேம்புலியைப் பற்றி எவளுக்காவது கவலை உண்டா, ஏழாம் மாதத்தை நெருங்குகிறவள் தினம் எட்டு மைல் நடக்கிறாளே என்று. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 19, ஞாயிறு

பூந்தமல்லி வாசகசாலையில் பேசினேன். நாற்பது பேர் இருக்கும். சுமைதாங்கியைப் பெயர்த்துத் தோட்டம் போட்ட கதையைச் சொன்னதும் கைதட்டல் அடங்க வெகுநேரமானது. ‘பேய்க்கல்லைப் பெயர்த்த உலகநாதன்' என்று நன்றியுரையில் சொன்னார்கள். அடுத்த மாதம் கூட்டமாக வந்து தோட்டத்தைப் பார்ப்பார்களாம்.

பட்டையைப் பற்றியோ உப்பைப் பற்றியோ சொல்லவில்லை. அதற்கும் பேச்சுக்கும் சம்பந்தமில்லை.

மார்ச் 24, வெள்ளி

இன்று வேம்புலியம்மாள் வந்தாள்.

உச்சி வேளை. சாப்பிட்டுக் கை கழுவப் பின்கட்டுக்கு வந்தேன். படலுக்கு வெளியே தலையில் விறகுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக என்று தெரியாது. முகம் கறுத்து உதடு வெளுத்திருந்தது. வயிறு முன்னால் தள்ளிச் சேலை தூக்கி நின்றது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்களாம். இவளால் அந்த வேகத்துக்கு நடக்க முடிவதில்லை.

"கல்லு இங்க கீதுன்னு எங்கூட்டு ஆளு சொல்ச்சி. சித்த எறக்கிக்கலாமேன்னு வந்தேன்."

படலைத் திறந்துவிட்டேன். மெதுவாக வந்து தோட்டத்தைப் பார்த்தாள். தலை உயரம் இருந்த கல் இப்போது அவள் முழங்காலுக்குக் கீழே.

"இதுவா? இதுல எப்டி எறக்குவேன்? நான் இன்னா ஆடா, குனிஞ்சி மேயறதுக்கு?" சிரித்தாள். சிரிக்கும்போது கட்டு ஆடியது, ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

கீழே போட்டுவிட்டு உட்காரேன் என்றேன்.

"போட்டா யார் தூக்கி வெக்கிறது? கனம் ரெண்டு மணங்குக்கு மேல கீது. நெலத்துலேர்ந்து ஒத்தையில தூக்க முடியாது வாத்தியாரே. ஜோடி வேணும். அதுக்குத்தான அந்தக் கல்லு. தல ஒயரத்துல தள்ளி வெச்சிட்டு, வேர்வைய தொடச்சிகினு, அப்டியே தலய குடுத்து இழுத்துக்கலாம். யாரும் வேணாம்."

அப்போதுதான் புரிந்தது. நான் அதில் மஞ்சளையும் எண்ணெயையும்தான் பார்த்தேன். அது ஒரு கருவி. துணையில்லாத பெண் தனியாகப் பாரம் இறக்கி ஏற்ற ஒரு கருவி. மூடநம்பிக்கை என்று ஒரு கருவியைப் பிடுங்கித் தோட்டம் போட்டிருக்கிறேன். இதை அவளிடமே சொன்னேன், மறைக்கவில்லை. கண்ட்ராக்டரிடம் பேசுவதாகச் சொன்னேன். கூலி, ரோடு, பஸ் முதலாளிகள், பிரசவ ஆஸ்பத்திரி இல்லாதது, எல்லாம் பேசினோம். கால் மணி நேரம். அம்மா கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குடித்தாள்.

"வர்றேன் வாத்தியாரே. வெயில் ஏறிக்கிச்சி" என்று கிளம்பினாள்.

கல்லைத் திருப்பி வைத்துவிடுவது என்று முடிவு.

மார்ச் 26, ஞாயிறு

பரந்தாமனைப் பார்த்தேன். அந்த இடத்தில் ஜல்லி கொட்டி உருளை விட்டாகிவிட்டது. "பத்தடி தள்ளி நட்டுக்க. எனக்கு ஒன்னும் இல்ல. ஆனா ஆளு தர மாட்டேன். எடுத்ததும் நீ, வெக்கிறதும் நீயா? ஊரு சிரிக்கப் போவுது வாத்தியாரே."

சிரிக்கும்.

மார்ச் 29, புதன்

வாசகசாலை ஆட்கள் தோட்டம் பார்க்க வரும் தேதியைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். ஏப்ரல் எட்டு, சனிக்கிழமை. நடுக்கல் இல்லாவிட்டால் மொத்தமும் சரிந்துவிடும். அவர்கள் வந்துபோனதும் எடுத்துவிடலாம். பத்து நாளில் என்ன?

ஏப்ரல் 2, ஞாயிறு

துலுக்கானம் படிக்க வந்தான். "கல்ல எப்ப வாத்தியாரே வெக்கப் போற? வேம்புலிக்கு ரொம்ப மூச்சு வாங்குது. கால் வீங்கிகினு கீது" என்றான். சனிக்கிழமைக்கு மறுநாள் என்றேன். வேலையை விட்டு வீட்டில் இருக்கச் சொல் என்றேன். "ஊட்ல கீந்தா சோறு?" என்றான். குறை சொல்லும் குரலில் அல்ல, எனக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்கிற குரலில்.

இன்று ஈரம் இடுக்கைத் தாண்டி மேலே வந்திருக்கிறது. கல் வியர்த்துக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 6, வியாழன்

வேம்புலிக்கு ரோட்டிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளை தங்கவில்லை.

ஏப்ரல் 8, சனி

வாசகசாலைக்காரர்கள் வந்தார்கள். படலைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று அம்மா சொல்லி அனுப்பினாள். முதல் தடவையாக எனக்காக ஒரு பொய்.

பூங்காவனத்திடம் கேட்டுத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன். அவள் சொன்னபடி.

வியாழக்கிழமையும் வேம்புலி பின்தங்கிவிட்டாள். மற்றவர்கள் விற்றுவிட்டுத் திரும்பி வரும்போது, சுமைதாங்கி இருந்த இடத்தில், உருளை விட்ட ஜல்லிமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. பெண். ஒரு தரம் அழுததாம். ஒரே தரம்.

"கட்டு பக்கத்துல கீது வாத்தியாரே. போட்டது இல்ல. எறக்கி வெச்சது. ஒரு சுள்ளி ஒடையல, கயிறு நெகிழல. அந்த வலியில ஒத்தையா யாரால முடியும்? யாருடி எறக்குனதுன்னு கேட்டேன். ஒருத்தின்றா. அவளுக்கும் வயிறு கீதாம். மூஞ்சிய பாக்கலயாம், வயித்ததான் பாத்தாளாம். கூட இருடின்னு இவ சொன்னாளாம். திரும்ப தூக்கி வுடுறியாடின்னு கேட்டாளாம். எனக்கு எறக்கத்தான் தெரியும்னாளாம் அவ."

வலியில் மனம் என்னென்னவோ காட்டும். தெரியும். ஆனால் கட்டை யாரோ இறக்கியிருக்கிறார்கள்.

துலுக்கானத்தின் குடிசைக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினான். "நீ சொன்னது சரிதான் வாத்தியாரே. கல்லுக்கும் புள்ளைக்கும் சம்மந்தம் இல்ல. பாரத்துக்கும் புள்ளைக்கும் கீது. அத நீ சொல்லித் தர்ல." படலைச் சாத்திக்கொண்டான்.

வேம்புலி வந்த அந்த வெள்ளிக்கிழமை — கால் மணி நேரம். கால் மணி நேரம் கூலியையும் ஆஸ்பத்திரியையும் பற்றிப் பேசினேன். பாரம் முழுவதும் அவள் தலையில். ஜோடி வேணும் என்று வாய்விட்டுச் சொன்னாள். என் கை இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. கையை நீட்டத் தோன்றவே இல்லையே. ஏன் தோன்றவில்லை? பெண் என்றா? சேரிப்பெண் என்றா? வாசகசாலையில் ஜாதி இல்லை என்று பேசுகிற வாய் இது. கை மட்டும் என் பாட்டனுடையது. சீ. அந்தக் கொட்டாங்கச்சியைப் பார்த்தும் சும்மாதானே இருந்தேன். என்னடா மனுஷன் நீ?

ஏப்ரல் 9, ஞாயிறு

தோட்டத்தைப் பிரித்தேன். தனியாக. முதலில் பக்கத்துக் கற்களைச் சரித்துவிட்டு நடுக்கல்லைச் சுற்றித் தோண்டினேன்.

ஈரமாக இருந்த இடுக்கு உலர்ந்து கிடந்தது. சாம்பல் மாதிரி. கல்லிமுளையானைப் பிடித்து இழுத்தேன், எழுத்துப் பக்கத்திலிருந்து வேர் முழுவதும் ஒரு பாயாகக் கழன்று வந்தது. வெள்ளை வேர்கள் எழுத்துகளின் குழிகளுக்குள்ளேயே ஓடியிருக்கின்றன. மற்ற இடத்தில் ஒன்றுகூட இல்லை. கையில் விரித்துப் பிடித்தேன். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறி, கன்னியம்மாள் என்று வேரில் எழுதியிருந்தது.

ஆறு வாரத்தில் இவ்வளவு வேர் ஓடாது.

எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வந்தாள். முந்தானையை நீட்டினாள். அதில் வைத்தேன். என்ன செய்தாள் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டுவிட்டு வண்டி கொண்டுவந்தேன். ரோட்டோரத்தில் பழைய இடத்திலிருந்து பத்தடி தள்ளிக் குழி தோண்டினேன். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஜல்லி உடைக்கிறவர்கள் ஐந்து பேர் கூப்பிடாமலே வந்து கைகொடுத்தார்கள். ஐவரில் துலுக்கானம் ஒருவன். குறுக்குக் கல்லை ஏற்றும்போது என் எதிர் முனையில் நின்றான். மூச்சைப் பிடித்து ஒரே நேரத்தில் தூக்கினோம். என் முகத்தை அவன் ஒருதரமும் பார்க்கவில்லை.

எழுத்து ரோட்டுப் பக்கம்.

மே 3, புதன்

விறகுக்காரிகள் புதிய இடத்துக்குப் பழகிவிட்டார்கள். பூங்காவனம் போகிறபோக்கில், "அரையடி ஒசரமா நட்டுட்டியே வாத்தியாரே, கொக்குக்கா வெச்ச?" என்றாள். மறுநாள் அடியில் மண் கொட்டி மேடாக்கினேன்.

பின்கட்டில் மிச்சக் கற்களை நெருக்கி நிறுத்திவிட்டேன். செடிகள் நீரில்லாமலே நன்றாக இருக்கின்றன. இப்போது வீட்டுக்கு ஆறு குடம், மல்லிகைக்கு நாலு குடம்தான். காலையில் அதை நான் இறைக்கிறேன். எதிர்வீட்டில் சிரித்தார்கள்.

மே 22, திங்கள்

வேம்புலி இன்று வேலைக்கு வந்தாள். ஆறு வாரம் கழித்து. மற்றவர்கள் கல்லில் கட்டை வைத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை.

இளைத்திருந்தாள். கல்லை நெருங்கினாள். பூங்காவனம் நகர்ந்து இடம் விட்டாள். வேம்புலி நிற்காமல் கல்லைத் தாண்டி வந்து, என் எதிரே நின்றாள்.

"எறக்கு."

சுற்றிலும் ஜனம். எதிரே டீக்கடை. எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். கையை நீட்டினேன். கட்டைப் பிடித்து இறக்கினேன். அவள் தலையிலிருந்த சும்மாடு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பிழிந்து முகத்தைத் துடைத்தாள்.

"கல்லுலயே வெச்சிக்கலாமேடி" என்றாள் ஒருத்தி.

"அன்னிக்கு எனக்குக் கல்லு இல்ல. இன்னிக்கு இன்னாத்துக்கு?" என்றாள். பிறகு என்னிடம், "தூக்கு."

தூக்கி வைத்தேன். போய்விட்டாள். நன்றியும் இல்லை, வசவும் இல்லை.

டீக்கடையிலிருந்து யாரோ, "வாத்தியார் மூட்ட தூக்கற வேலைக்குப் பூட்டாரு டோய்" என்றான்.

மே 23, செவ்வாய்

வந்தாள். இறக்கினேன். தூக்கினேன்.

ஜூன் 14, புதன்

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. பதினொன்றரைக்கு விடும் இடைவேளையைக் கால் மணி நேரம் நீட்டியிருக்கிறேன். தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். தீண்டல் பட்ட கையால் சிலேட்டைத் தொடுகிறேனாம். அம்மா அந்த வீடுகளுக்குப் பூ கிள்ளிக் கொடுப்பதில்லை.

ஜூலை 5, புதன்

இன்று நேரமாகிவிட்டது. ஒரு பிள்ளைக்கு மூக்கில் ரத்தம், கழுவிவிட்டு ஓடினேன். வேம்புலி நின்றுகொண்டிருந்தாள், கல்லுக்கு நாலடி தள்ளி, தலையில் கட்டோடு. கல் காலியாகத்தான் இருந்தது. அவள் அதன் பக்கம் திரும்பவில்லை. "ஓடியாராத, மூச்சு வாங்குது ஒனக்கு" என்றாள். இத்தனை நாளில் இரண்டு சொல்லுக்கு மேல் பேசியது இன்றுதான்.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன். இறக்கும்போது கட்டு ஒருநாளும் அத்தனை கனமாக இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு ஆள் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி, தானாகவே அலுங்காமல் கீழே வருகிறது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. வேம்புலி பார்க்கிறாள்.

தூக்கும்போது முழு எடையும் எங்கள் இருவருடையதுதான்.